நர்சம்மா ஊசி போட மட்டுமா வருகிறார்?



"நர்சம்மா ஊசி போடத்தானே வர்றாங்க? பெரிய விஷயம்னா டாக்டர்கிட்ட போய்க்கலாம்" என்று நம் ஊர்களில் இன்னும் சிலர் சொல்வதுண்டு. இந்த நினைப்பு ஆபத்தானது. நர்சின் படிப்பும், வேலையும், பொறுப்பும் இப்போது வெகுவாக மாறிவிட்டன.

படிப்பு எப்படி மாறியது?

முன்பு துணைச் செவிலியரின் வேலை பெரும்பாலும் பிரசவமும் குழந்தை நலமும்தான். 1973-ல் கர்த்தார் சிங் குழு, ஒரே பணியாளர் பல சுகாதார வேலைகளையும் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்பின் தடுப்பூசி, குடும்பநலம், நோய்த்தடுப்பு எல்லாம் அவர் பொறுப்பில் சேர்ந்தன. வேலை கூடியது, ஆனால் 1977-ல் 2 ஆண்டுப் படிப்பு 18 மாதமாகக் குறைந்தது. 2012-ல் வந்த பாடத்திட்டம் அதை மறுபடி 2 ஆண்டாக்கியது. அதில் 6 மாதம் நேரடிப் பயிற்சி.

வேலை எப்படி மாறியது?

பிரசவம் ஆனதும் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் தாயின் உயிர் சீக்கிரமே போய்விடும். டாக்டர் வரும்வரை காத்திருக்க நேரம் இராது. ஆகவே, 2005-ல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் தொடங்கிய காலத்தில், ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தையும், வலிப்புக்கான முதல் ஊசியையும் பயிற்சி பெற்ற நர்சே கொடுக்கலாம் என்று அரசு வழி செய்தது. கொடுத்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். காப்பர்-டி பொருத்தவும் நர்சுகளுக்குப் பயிற்சி உண்டு.

பொறுப்பு எப்படி உயர்ந்தது?

தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர், அனுபவத்தில் பகுதி சுகாதார செவிலியராகவும், பிறகு சமுதாய சுகாதார செவிலியராகவும் உயர்ந்து, மற்றவர் வேலையை மேற்பார்வை செய்கிறார். சாதாரணப் பிரசவங்களைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் மகப்பேறு செவிலியர்களுக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி தர 2018-ல் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. 1947-ஆம் வருடச் செவிலியர் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டமும் இயற்றப்பட்டது.

ஆனாலும், சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பதுதான் கணக்கு. இத்தனை வீட்டையும் பார்க்கும் நர்சம்மா, நீங்கள் சொன்னால்தானே அறிவார்?

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. நாள் தள்ளிப்போனால் 12 வாரத்துக்குள் நர்சம்மாவிடம் பதிவு செய்யுங்கள்.
2. அவர் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். ரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் ஆபத்து அதிகம்.
3. ரத்தப்போக்கு, கடும் தலைவலி, முகவீக்கம், வலிப்பு இவற்றில் எது வந்தாலும் "விடியட்டும்" என்று இராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.
4. கணவன்மாரே! பரிசோதனைக்கு மனைவியுடன் நீங்களும் போங்கள். அடுத்த குழந்தை எப்போது என்பதை இருவரும் சேர்ந்தே நர்சம்மாவிடம் பேசுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நர்சம்மா படித்த படிப்பு உங்கள் வீட்டுக்குப் பயன்பட வேண்டுமானால், முதலில் அவரிடம் வாய் திறந்து கேளுங்கள்!