சீட்டில்லாப் பிரயாணமும் நீதிமன்றமும்

1864ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டு வரை இருப்புப்பாதை வந்தது முதல், பெங்களூர்த் தமிழருக்கு ரயில் தாய்வீட்டு வாசலாகவே இருந்து வருகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்லத் துடிக்கும் உள்ளம், சீட்டு உறுதியாகவில்லையே என்று தயங்குவதில்லை. 'ஏறிவிடுவோம், பரிசோதகரிடம் சொல்லிக்கொள்ளலாம்' என்று துணிகிறது. அந்தத் துணிவு சில வேளைகளில் மாஜிஸ்திரேட்டின் முன் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. ஆகவே சட்டம் கூறுவதைச் சற்று அறிந்திருப்பது நம் இல்லங்களுக்கு நலம்.

1989ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டத்தில் இதுபற்றி இரண்டு பிரிவுகள் உள்ளன. இரண்டும் ஒன்றென எண்ணுவதுதான் பெருந்தொல்லைக்குக் காரணம். 138ஆம் பிரிவு, முறையான சீட்டின்றிப் பிரயாணம் செய்தவரிடம் கட்டணத்தையும், அதற்கு மேல் அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இவற்றுள் எது மிகுதியோ அதனையும் வசூலிக்கச் சொல்கிறது. பணத்தைச் செலுத்தி ரசீது பெற்றுவிட்டால் பெரும்பாலும் காரியம் அத்துடன் முடிந்துவிடும். எந்த ஸ்டேஷனில் ஏறினோம் என்பதில் ஐயம் எழுந்தால், வண்டி புறப்பட்ட இடத்திலிருந்தே கணக்கிடுவார்கள். பங்காருப்பேட்டையில் ஏறியவர் மைசூரிலிருந்து வந்தவராகக் கணக்கில் சேரவும் கூடும்! செலுத்த மறுத்தால் மாஜிஸ்திரேட் மூலம் அபராதத்தைப் போல வசூலிப்பார்கள். அப்போதும் கட்டாதவருக்குப் பத்து நாள் முதல் ஒரு மாதம் வரை சிறை உண்டு.

137ஆம் பிரிவோ வேறு வகை. ரயில்வேயை ஏமாற்றும் கருத்துடன் பிரயாணம் செய்தார் என்பது அங்கே குற்றச்சாட்டு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தக்க காரணம் இல்லையெனில் அபராதம் ஐந்நூறுக்குக் குறையாது. இங்கே உள்ளக் கருத்தே வழக்கின் உயிர். உபயோகித்த சீட்டை மறுமுறை காட்டியவரும், கூட்ட நெரிசலில் சீட்டு வாங்க இயலாமல் பரிசோதகரிடம் தாமே சென்று சொன்னவரும் ஒருவராகார்.

'குற்றத்தை ஒப்புக்கொள், அபராதம் கட்டிவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம்' என்று அருகில் நிற்பவர் அறிவுரை கூறுவதுண்டு. எளிய வழிதான்; ஆனால் அது ஒரு குற்றத்தீர்ப்பு. போலீசிலோ, ரயில்வேயிலோ உத்தியோகம் தேடும் பிள்ளைக்கு, விண்ணப்பத்தில் 'எப்போதேனும் தண்டிக்கப்பட்டதுண்டா?' என்ற கேள்வி காத்திருக்கிறது. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவ்வாறு கேட்டால் உண்மையே சொல்லவேண்டும் என்றது. அற்பக் குற்றமாயின் மறைத்ததை மன்னிக்க நியமன அதிகாரிக்கு இடமுண்டு என்றும் கூறியது. மன்னிப்பது அவர் விருப்பம், நம் உரிமையன்று. எனவே எந்தப் பிரிவில் வழக்கு என்று கேட்டறியாமல் ஒப்புதல் சொல்வதும், படித்துப் பாராமல் கையெழுத்திடுவதும் தகா.

கன்னடம் புரியாதவர் அஞ்சவேண்டியதில்லை. விளங்காத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு விளங்கும் மொழியில் அதனைத் திறந்த நீதிமன்றத்தில் பெயர்த்துச் சொல்வது சட்டப்படி கடமை. வக்கீலுக்கு வசதியில்லாதவர் 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் காவலில் இருப்போருக்கும் வருமான வரம்பின்றி இவ்வுதவி உண்டு. ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ கண்ட ஸ்டேஷனில் இறக்கிவிடவும் இயலாது. அவர்கள் ஏறிய இடம், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஆகியவற்றில் மட்டும், அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம்.

நம் வீடுகளில் அடிக்கடி நிகழும் மற்றொன்று, அண்ணன் பெயரில் எடுத்த சீட்டில் தம்பி போவது. வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரத்திற்கு முன் தக்க ஆதாரத்துடன் விண்ணப்பித்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன், மனைவி, மக்கள் பெயருக்கு மாற்றித்தர விதி உண்டு. மாற்றாமல் சென்றால் அவர் சீட்டில்லாதவரே. இணையவழி எடுத்த காத்திருப்புச் சீட்டு முழுதும் உறுதியாகாமல் நின்றால் தானே ரத்தாகிவிடும். அதைக் காட்டி வாதிடுவதும் வீண்.

பஸ்ஸைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்கள் எல்லோரும் கட்டணமின்றிச் செல்கிறார்கள். கர்நாடகத்தின் 'சக்தி' திட்டம் 2023 ஜூன் 11இல் தொடங்கியது. அது இம்மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கே உரியது. ஊரிலிருந்து பேரனைக் காண வந்த பாட்டி, தமிழ்நாட்டு முகவரி கொண்ட ஆதாரைக் காட்டினால் கட்டணம் கொடுத்தே ஆகவேண்டும். இங்கே குடியிருப்பவரும் நடத்துநரிடம் பூஜ்யச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். சீட்டின்றிப் பிரயாணம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 178ஆம் பிரிவின்படி அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை போகலாம். பாட்டியை வரவேற்கப் பஸ் நிலையம் செல்பவர்கள் இதை முன்னரே அவர் காதில் போட்டுவைப்பது நன்று.