கொல்லிமலைப் பிள்ளைகள் பார்த்த வேலையும் பார்க்காத வேலையும்

கொல்லிமலையில் வளர்ந்து உலகப் புகழ் பெற்ற ஒருவரைச் சொல்லுங்கள் என்றால் பால் பிராண்டைச் சொல்வேன். ஜெஸ்ஸி, ஈவ்லின் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதியின் மகன். 1914-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும்வரை இந்த மலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளோடு மரமேறித் திரிந்தவர். பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.), தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மறுபடியும் விரிய வைத்தவர். ஆனால் டாக்டராகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வளர்ந்தவர் அல்ல அவர். மலைமக்களின் சீழ்ப்புண்களை அப்பா கழுவிக் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த சிறுவனுக்குக் குமட்டியது. வைத்தியமே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். அப்பாவின் இன்னொரு வேலை அவருக்குப் பிடித்திருந்தது. வீடு கட்டுவது. லண்டனில் பள்ளி முடிந்ததும் தச்சும் கொத்தும் சில ஆண்டுகள் முறையாகப் பழகினார். அதன் பிறகு, மிஷனரிகளுக்கான ஓராண்டு மருத்துவப் பயிற்சியில் இருந்தபோது, விபத்தில் ரத்தம் இழந்து வெளிறிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்ற ஏற்ற முகத்தில் உயிர் திரும்புவதைக் கண்டார். அங்கேதான் மனம் மாறியது.

இந்த வரலாற்றில் என்னை ஈர்ப்பது அந்த வரிசை. ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தார், பிடிக்கவில்லை. இன்னொன்றைக் கையால் செய்தார், பிடித்தது. முதலில் வெறுத்ததை வேறொரு கோணத்தில் மறுபடி பார்த்தார், அதுவே வாழ்க்கையாயிற்று. விலகவும் திரும்பி வரவும் அவருக்கு இடம் இருந்தது. தச்சுப் பட்டறையில் கழிந்த ஆண்டுகளும் வீண்போகவில்லை. குணமான தொழுநோயாளிகள் பிழைக்க வழி தேடி வேலூரில் அவர் தொடங்கிய குடியிருப்பில் மரவேலை கற்றுக்கொடுக்கப்பட்டது.

அவரோடு மரமேறிய மலையாளிப் பிள்ளைகளுக்கு அந்த இடம் இருந்ததா?

இந்தப் பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தேவானூர் நாடு, சேளூர் நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் மலை இது. அங்கே அன்றைக்கு வேலை தெரியாத பிள்ளை என்று ஒன்று இருந்திருக்க முடியாது. சாமைக்குக் களை எடுக்கும், மாடு ஓட்டும், கடுக்காய் பொறுக்கும், தேன் எடுக்கும் பெரியவர்களுக்குக் கீழே நின்று குடுவை பிடிக்கும். பெண்பிள்ளை என்றால் அம்மாவோடு எதிரெதிரே நின்று உலக்கை போட வேண்டும். சாமையின் உமி லேசில் விடாது. ஒரு வேளைச் சோற்றுக்கே மணிக்கணக்கில் குத்தியாக வேண்டும். கட்டவெட்டிச் சாமை எது, மல்லியச் சாமை எது, சுருட்டைக் கேழ்வரகு எந்த மண்ணுக்கு ஆகும், செந்தினையை எப்போது விதைப்பது என்பதெல்லாம் பத்து வயதுக்குள் கைக்கு வந்துவிடும். அந்த அறிவின் ஆழத்தைப் பின்னாளில் வேளாண் விஞ்ஞானிகள் வந்து வியந்து பதிவு செய்தார்கள்.

ஆக, இந்தப் பிள்ளைகளிடம் வேலை அனுபவத்துக்குக் குறைவே இல்லை. குறைவு, வேறு வேலை என்று ஒன்று இருப்பதைக் காண்பதில்தான் இருந்தது. அப்பன் செய்ததை மகன் செய்தான், ஆத்தா செய்ததை மகள் செய்தாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் வேறொன்று கண்ணில் பட்டிருக்க வேண்டும் அல்லவா?

இதைச் சொல்லும்போது 1953-ஐத் தாண்டிப் போக முடியாது. முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டிப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் பதவிக்கு வந்ததும் அதைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். தொழில் பழகுவதில் குற்றம் இல்லை. எந்தத் தொழில் என்பதைப் பிறப்பு முடிவு செய்ததில்தான் குற்றம். அந்தக் காயம் ஆழமானது. அதனாலேயே பள்ளிக்கூடத்தில் கைவேலை, பட்டறை என்று எவர் பேச்செடுத்தாலும் தமிழ்நாட்டில் இன்றும் ஒரு சந்தேகக் கண் விழுகிறது. பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வேலை அனுபவம் வேண்டும் என்று 1964-66 கோத்தாரி குழு சொன்னது. அது நம் பள்ளிகளில் பெரும்பாலும் கால அட்டவணையில் ஒரு கட்டமாகச் சுருங்கிப்போனது. 1978-இல் மேல்நிலைக் கல்வியோடு வந்த தொழிற்கல்விப் பிரிவையோ, மார்க் குறைந்தவர்கள் போகும் இடம் என்று ஊரே ஒதுக்கி வைத்தது. கல்லூரிக்குப் போகிறவன் பட்டறையைப் பார்க்கத் தேவையில்லை என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது.

மலையில் இதற்கிடையே பயிரே மாறிவிட்டது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் பாதையில் லாரி வந்தது. லாரி வந்ததும் மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும், ஜவ்வரிசிக்கு நாடெங்கும் சந்தை உண்டு. மானாவாரியாகச் சாமை விளைந்த சரிவுகள் ஒவ்வொன்றாக மரவள்ளிக்குப் போயின. உலக்கை பிடித்துக் கை காய்த்த பெண்களுக்கு அதில் ஒரு நிம்மதியும் இருந்ததை மறுக்கக் கூடாது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியது, காப்பியும் பரவியது. வயல் அறிவு தலைமுறை தாண்டவில்லை, புதிய அறிவும் வந்து சேரவில்லை. இந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகள் பலர் பள்ளியைப் பாதியில் விட்டுக் கீழே இறங்கினார்கள். தெரிந்தவர் ஒருவர் போன இடம்தான் அவர்களுக்குத் தெரிந்த இடம். திருப்பூர் பனியன் கம்பெனி, கேரளத்து எஸ்டேட், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி.

கொல்லிமலை இருக்கும் இதே நாமக்கல் மாவட்டத்தில்தான், மலையடிவாரத்துச் சமவெளியில், மருத்துவ சீட்டுக்காக மாநிலம் முழுவதிலிருந்தும் பெற்றோர் தேடி வந்த விடுதிப் பள்ளிகள் எழுந்தன. மலைக்கும் அவற்றுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லி முடிக்க முடியாது.

இன்றைக்கு நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. அதை மனம் நிறைந்து சொல்ல வேண்டும். பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். மலையிலேயே அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. 2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே உயர்கல்வியும் வேலைகளும் பற்றி வகுப்பறையில் பேச்சு நடக்கிறது. பிளஸ் டூ முடிப்பவர்களுக்குக் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சி நடக்கிறது. முடித்தும் எங்கும் சேராமல் இருப்பவர்களைத் தேடிப்பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் அழைத்துப் போகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. கொல்லிமலையின் அண்டை மலைகளைப் பாருங்கள். 2024-இல் பச்சைமலைப் பழங்குடி மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே கல்வராயன்மலை கருமந்துறையிலிருந்து மலையாளிப் பெண் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.க்குப் போனார். நூறாண்டுக்கு முன் ஒரு மிஷனரி மகனுக்கு மட்டும் திறந்திருந்த கதவு இன்று மலைப்பெண்களுக்கும் திறக்கிறது.

ஆனாலும் ஒரு பெரிய குறை தெரிகிறது. அன்றைய பிள்ளை வேலையைக் கையால் அறிந்திருந்தது, தேர்ந்தெடுக்க வழியில்லை. இன்றைய பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்கப் பட்டியல் நீளமாக இருக்கிறது, அதில் உள்ள வேலைகளைக் கண்ணால் கண்டதில்லை. கையேட்டில் ‘உணவுத் தொழில்நுட்பம்’ என்று படிக்கும் பிள்ளை, உணவுத் தொழில்நுட்பம் படித்தவர் காலை முதல் மாலை வரை என்ன செய்வார் என்பதை எங்கே போய்ப் பார்ப்பது? ஆசிரியர், போலீஸ், நர்ஸ், கண்டக்டர், வனக்காவலர் என்று மலையில் கண்ணில் படுகிற வேலைகளையே பிள்ளைகள் கனவாகச் சொல்வதில் வியப்பில்லை. அவை நல்ல வேலைகள்தான். ஆனால் கண்ணில் பட்டவை அவ்வளவுதான் என்பதையும் சேர்த்தே அந்தப் பதில் சொல்கிறது.

களப்பயணம் ஒரு நாளில் முடிகிறது. பேருந்தில் இறங்கி, கட்டடங்களைச் சுற்றிப் பார்த்து, போட்டோ எடுத்து, சாப்பிட்டுத் திரும்பினால் கல்லூரி எப்படி இருக்கும் என்பது தெரியும். அது அவசியம். கல்லூரி வாசலை ஒருமுறை மிதித்த பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும். வேலை எப்படி இருக்கும் என்பது அதில் தெரியாது. அதற்கு வேலை செய்பவர் பக்கத்தில் நாலைந்து நாள் நிற்க வேண்டும். அவர் அலுத்துக்கொள்வதையும், தப்பு செய்து திருத்துவதையும், வாடிக்கையாளரிடம் தணிந்து பேசுவதையும் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் ஹியோகோ மாநிலம் இதை 1998 முதல் செய்துவருகிறது. நம் எட்டாம் வகுப்புக்கு ஈடான பிள்ளைகள் ஐந்து நாள் பள்ளிக்கு வராமல் ஊருக்குள் போகிறார்கள். ரொட்டிக் கடை, தீயணைப்பு நிலையம், பண்ணை, குழந்தைகள் காப்பகம் என்று ஆளுக்கொரு இடம். 1995 கோபே நிலநடுக்கத்தாலும் அதன்பின் அங்கே சிறுவன் ஒருவன் செய்த கொடுங்குற்றத்தாலும் நொந்துபோயிருந்த ஊர்கள், தம் பிள்ளைகளைத் தாமே வளர்க்க வேண்டும் என்று எடுத்த முடிவு அது. அங்கே கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒன்று, மக்குப் பிள்ளைக்கு ஒன்று என்ற பிரிவினை இல்லை. எல்லோரும் போக வேண்டும். நமக்கு உறைக்க வேண்டிய இடம் இதுவே. மார்க் குறைந்தவனுக்கு மட்டும் பட்டறை என்றால் பழைய கதைதான் திரும்பும். தச்சன் மகளும் தாசில்தார் மகனும் ஒரே வாரம் ஒரே பட்டறையில் நின்றால், 1953-இன் அச்சத்துக்கு அங்கே வேலையில்லை.

கொல்லிமலையில் இதற்கு இடமா இல்லை? மலைக்குக் கீழே நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது. இப்போது அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் நாமக்கல் பெயர்போனது. பேருந்துச் செலவும் நாலைந்து நாள் தங்க ஒரு விடுதியும் இருந்தால், மலைப்பிள்ளைகள் இவற்றுக்குள் நின்று பார்க்கலாம். அதைவிட எனக்கு ஆசை, மலைமேலேயே இருக்கிற வேலைகளைப் பிள்ளைகள் புதிதாகப் பார்ப்பதில். மிளகைக் காயவைத்து மூட்டை கட்டுவது அவர்களுக்குத் தெரியும். அதன் ஈரப்பதம், லிட்டர் எடை பார்த்துத் தரம் பிரித்து விலை சொல்வது ஒரு தொழில் என்பது தெரியாது. காப்பிக் கொட்டையைச் சுவைத்துத் தரம் சொல்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மூலிகை தெரிந்த தாத்தாவின் அறிவும் பல்கலைக்கழகத்தில் தாவரவியலாகவும் சித்த மருத்துவமாகவும் இருக்கிறது.

இதற்கு ஒரு முன்மாதிரி மலையிலேயே உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காக்கும் பணியைச் செய்துவருகிறது. சாமையை மலையிலிருந்து விரட்டியதில் உலக்கைப் பாட்டுக்கும் பங்குண்டு என்பதைக் கண்டு, உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் வைத்தார்கள். அவற்றை மகளிர் குழுக்கள் நடத்தின. விதை வங்கிகள் வந்தன. சாமையும் தினையும் பாக்கெட்டில் ஏறிக் கடைக்குப் போயின. ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்த அரவைக் கொட்டகையில் ஒரு வாரம் நின்றால் இயந்திரம் பழுது பார்ப்பது, கணக்கெழுதுவது, உணவுச் சட்டங்கள், விதைத் தேர்வு, விற்பனை என்று ஐந்தாறு தொழில்களை ஒரே கூரைக்கடியில் காணும். அந்தப் பிள்ளையின் பாட்டி அங்கே ஆசிரியராகவும் நிற்க முடியும். குலத்தொழிலைத் தலையில் கட்டுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. இங்கே பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம்.

கூடவே கையில் ஆயத்தமாக ஒரு திருவிழா இருக்கிறது. ஆடி 17, 18 இரு நாளும் வல்வில் ஓரி விழாவை அரசே நடத்துகிறது. செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஓரி சிலைக்கு மாலை, வாசலூர்பட்டியில் மலர்க்காட்சி, வில்வித்தைப் போட்டி, துறைவாரியாகக் கண்காட்சி அரங்குகள். கடையெழு வள்ளல்களில் ஒருவனின் பெயரால் 14 நாட்டு மக்களும் கூடும் இடம். ஆனால் அந்த அரங்குகளில் இருப்பவை பெரும்பாலும் தட்டிகளும் துண்டறிக்கைகளும். அவற்றின் இடத்தில் கை வைத்துச் செய்து பார்க்க மேசைகள் போடலாம். தோட்டக்கலைத்துறை அரங்கில் ஒட்டுக் கட்டட்டும். கால்நடைத்துறை ஆட்டின் இதயத்துடிப்பைக் கேட்க ஸ்டெதாஸ்கோப் கொடுக்கட்டும். சுகாதாரத்துறை ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுத் தரட்டும். தொழிற்பயிற்சி நிலையத்து மாணவர் ஒரு மோட்டாரைப் பிரித்து மாட்டட்டும். மலையிலிருந்து படித்துப் போய் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஆடிக்கு ஊருக்கு வருவார்களே, அவர்களை ஒரு பந்தலில் உட்கார வைத்தால் போதும். சம்பளம் எவ்வளவு, விடுதியில் சோறு எப்படி, இங்கிலீஷ் தெரியாமல் முதல் வருடம் எப்படிச் சமாளித்தீர்கள், ஊர் ஞாபகம் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்க வேண்டியதையெல்லாம் அவர்களிடம்தான் கேட்க முடியும்.

பள்ளி ஜூனில் திறக்கிறது, விழா ஆகஸ்ட் முதல் வாரத்தில். நடுவில் இரண்டு மாதம் இருக்கிறது. எந்தப் பிள்ளை யாரோடு ஒரு வாரம் நிற்க விரும்புகிறது என்று பள்ளிகள் எழுதி வாங்கலாம். அரவைக் கொட்டகை நடத்தும் அக்காவிடமும், ஆரம்ப சுகாதார நிலையத்து செவிலியரிடமும், சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்கும் வியாபாரியிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். விழாப் பந்தலில் அறிமுகம், அது முடிந்த அடுத்த திங்கட்கிழமை காலையில் வேலை ஆரம்பம்.