கேட்டாக வேண்டும்; கேட்டபடி செய்ய வேண்டியதில்லை

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வரிசை வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களில் நடந்தால், ஏதாவது ஒரு சுவரிலோ காலிமனை வேலியிலோ பளிச்சென்ற ஆரஞ்சு நிற நோட்டீஸ் ஒன்று கண்ணில் படும். தேர்தல் விளம்பரமோ வீடு வாடகைக்கு என்ற அறிவிப்போ அல்ல. இந்த இடத்தின் உரிமையாளர் நகரின் கட்டட விதியிலிருந்து விலக்கு கேட்டிருக்கிறார், இன்ன தேதியில் விசாரணை என்று தெருவுக்கே தெரிவிக்கும் அதிகாரபூர்வத் தாள் அது. விசாரணைக்கு 21 நாள் முன்பாகவே அதை ஒட்டியாக வேண்டும்.

ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. விசாரணை நடப்பதற்குள் அந்த உரிமையாளர் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் முன்னால் போய் உட்கார வேண்டும். தேவாலயத்தின் கூடத்திலோ, பள்ளி அறையிலோ, 2020-க்குப் பிறகு ஜூம் திரையிலோ அந்தக் கூட்டம் நடக்கும். கூட்டுவது மாநகர அதிகாரி அல்ல. நகரத் திட்ட ஆணையத்தில் பெயர் பதிந்துகொண்ட ஒரு குடியிருப்போர் அமைப்பு. 'பதிவுபெற்ற சமூக அமைப்பு' என்று சட்டம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'ஆர்.சி.ஓ.' என்பார்கள்.

நம் ஊர்க் குடியிருப்போர் நலச் சங்கங்களைப் போலத்தான் இவையும். தெரு சுத்தம், மரம் நடுதல், திருவிழா, திருட்டு பயம் என்று தொடங்கியவை பல. ஆனால் 2012 ஆகஸ்ட் 22 அன்று நடைமுறைக்கு வந்த பிலடெல்பியாவின் புதிய மண்டலச் சட்டம் இவற்றுக்கு வேறொரு வேலையையும் கொடுத்தது. எந்த மனையில் எதை, எவ்வளவு உயரத்தில், எத்தனை குடும்பங்களுக்குக் கட்டலாம் என்று வகுப்பதுதான் மண்டலச் சட்டம். அதில் யாராவது விலக்கு கேட்டால் முதலில் இந்த அமைப்புகளுக்குத் தகவல் போக வேண்டும்.

அந்தப் புதிய சட்டம் வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. பிலடெல்பியாவின் முதல் மண்டலச் சட்டம் 1933-ல் வந்தது. 1962-ல் அதை மாற்றி எழுதினார்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டு காலம் ஒட்டுப் போட்டே ஓட்டினார்கள். விதிகள் தெருவின் உண்மையான தோற்றத்தோடு பொருந்தாமல் போயின. நூறு ஆண்டுகளாக நிற்கும் வரிசை வீட்டைப் போலவே இன்னொன்றைப் பக்கத்தில் கட்டக்கூட விலக்கு கேட்க வேண்டிய இடங்கள் இருந்தன. விலக்கே விதியாகிவிட்டது. யார் கேட்டால் கிடைக்கும், யாரைப் பார்த்தால் கிடைக்கும் என்பதுதான் கட்டுபவர்களின் கவலையாக இருந்தது.

அப்போதும் குடியிருப்போர் சங்கங்களுக்குச் செல்வாக்கு இருந்தது. ஆனால் அது எழுதப்படாத செல்வாக்கு. பழைய செங்கல் வீடுகளும் வழக்கறிஞர்களும் நிறைந்த சொசைட்டி ஹில் போன்ற பகுதியில் கட்ட வருபவர், சங்கத்தைப் பார்க்காமல், விலக்கு பற்றி முடிவெடுக்கும் மண்டல விதிகள் வாரியத்துக்குப் போகத் துணிய மாட்டார். அமைப்பு பலமில்லாத ஏழைப் பகுதியில் கேட்க ஆளே இருக்காது. எந்தச் சங்கம் எந்தத் தெருவுக்குப் பேசுகிறது, அதன் தலைவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்றெல்லாம் யாரும் விசாரித்ததில்லை.

சங்கங்கள் இப்படி விழிப்போடு இருந்ததற்குப் பின்னால் பழைய காயங்கள் உண்டு. நகரின் தெற்கே சவுத் ஸ்ட்ரீட் வழியாக ஒரு விரைவுச்சாலையை வெட்டிக்கொண்டு போகத் திட்டமிட்டிருந்தார்கள். போட்டிருந்தால் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் வீடிழந்திருப்பார்கள். ஆலிஸ் லிப்ஸ்கம்ப் போன்ற உள்ளூர்த் தலைவர்கள் திரண்டார்கள். கட்டடக் கலைஞர் டெனிஸ் ஸ்காட் பிரவுன் அந்த மக்களுக்காக மாற்றுத் திட்டம் வரைந்து உதவினார். 1970-களில் சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. சைனாடவுனில் வைன் ஸ்ட்ரீட் விரைவுச்சாலை, ஹோலி ரிடீமர் தேவாலயத்தையும் பள்ளியையும் விழுங்கப் பார்த்தது. அதை எதிர்த்து 1969-ல் உருவானதுதான் பிலடெல்பியா சைனாடவுன் வளர்ச்சிக் கழகம். தேவாலயம் தப்பியது. சாலையும் சுருங்கிய வடிவில் வந்தே சேர்ந்தது.

2007 மே மாதம், மண்டலச் சட்டத்தைத் திருத்தி எழுத ஓர் ஆணையம் வேண்டுமா என்று நகரம் வாக்காளர்களைக் கேட்டது. வேண்டும் என்றார்கள். அந்த ஆணையம் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய சட்டத்தை நகர மன்றம் 2011 டிசம்பரில் ஏற்றது. அதற்கு இரண்டு நோக்கங்கள். விதிக்கு உட்பட்டுக் கட்டுபவர் யாரையும் கெஞ்சாமல் அனுமதி பெற வேண்டும் என்பது ஒன்று. விதியை மீற விரும்புபவர் அக்கம்பக்கத்தாரை முறைப்படி சந்தித்தே ஆக வேண்டும் என்பது மற்றொன்று.

முதல் நோக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண அளவுள்ள கட்டடம் விதிக்குள் அடங்கிவிட்டால் ஆர்.சி.ஓ.வுக்கு அங்கே பேச்சே கிடையாது. பக்கத்து மனையில் 38 அடி உயர வரம்புக்குள் ஒரு வீடு எழும்பி, எதிர்வீட்டு ஜன்னலுக்கு வெளிச்சம் போனாலும் சங்கம் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு குடும்பத்துக்கான வீட்டை மூன்று குடித்தனமாகப் பிரிக்க வேண்டும், 38 அடிக்கு மேலே போக வேண்டும், வீடுகள் மட்டும் உள்ள தெருவில் உணவகம் திறக்க வேண்டும் என்று யாராவது கேட்கும்போதுதான் அதன் வேலை தொடங்குகிறது.

பதிவு பெறுவது கடினமல்ல, ஆனால் நிபந்தனைகள் உண்டு. நிலப் பயன்பாடு, மண்டலம், பாதுகாப்பு, வளர்ச்சி போன்றவை தன் நோக்கம் என்று அமைப்பு எழுதி வைத்திருக்க வேண்டும். தன் எல்லையை வரையறுக்க வேண்டும். அந்த எல்லைக்குள் 20,000 மனைகளுக்கு மேல் வரக்கூடாது. ஊர் முழுவதற்கும் நானே பிரதிநிதி என்று யாரும் கிளம்பிவிடாமல் தடுக்க இந்த வரம்பு. கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், முன்கூட்டி அறிவிக்கப்பட வேண்டும். தலைவர்கள் தேர்தலில் வந்தவர்களாக இருக்க வேண்டும். பதிவு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

குடியிருப்போர் சங்கங்கள் மட்டும் இப்படிப் பதிவதில்லை. வணிகப் பகுதிகளின் மேம்பாட்டு மாவட்டங்களும் அரசியல் கட்சிகளின் வார்டு கமிட்டிகளும் பதிவு பெறலாம். இதனால் ஒரே முகவரிக்கு இரண்டு மூன்று அமைப்புகள் உரிமை கொண்டாடுவது சகஜம். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கூட்டம் போட்டால் விண்ணப்பதாரர் மாதக்கணக்கில் அலைய நேரிடும். எனவே ஒன்றை 'ஒருங்கிணைக்கும் அமைப்பு' என்று குறிக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுப்பவர் அந்தத் தொகுதியின் நகர மன்ற உறுப்பினர். பத்துத் தொகுதிகள் கொண்ட பிலடெல்பியாவில், நில விஷயத்தில் தொகுதி உறுப்பினர் சொல்வதை மற்ற உறுப்பினர்கள் தட்டுவதில்லை என்ற பழைய மரபு இருக்கிறது. ஆகவே எந்த அமைப்பு கூட்டத்தை நடத்துகிறது என்பதிலும் அரசியல் புகுந்துவிடுகிறது.

தகவல் கிடைத்த 45 நாட்களுக்குள் கூட்டம் நடக்க வேண்டும். சங்கம் கூட்டமே போடாமல் இழுத்தடித்தால், தன் பங்குக்கு எல்லாம் செய்தேன் என்று விண்ணப்பதாரர் ஆவணத்தோடு காட்டிவிட்டு மேலே போகலாம். பில்டரின் விண்ணப்பத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் சாவி சங்கத்தின் கையில் இல்லை.

கூட்டத்தில் பேசப்படுவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்தான். குப்பைத் தொட்டிகளை எங்கே வைப்பீர்கள்? மொட்டை மாடியில் உட்கார இடம் வைத்தால் பின்வீட்டுக்காரரின் படுக்கையறை தெரியுமா? சமையலறைப் புகைக்குழாய் எந்தப் பக்கம்? கடையை இரவு எத்தனை மணிக்கு மூடுவீர்கள்? எல்லாவற்றுக்கும் மேலே, கார்களை எங்கே நிறுத்துவார்கள்? குதிரை வண்டிக் காலத்துத் தெருக்களில் வாகன நிறுத்தம்தான் நிரந்தரச் சண்டை.

பிறகு வாக்கெடுப்பு. அதை எப்படி நடத்துவது என்பது அந்தந்த அமைப்பின் விருப்பம். சில இடங்களில் கையைத் தூக்கினால் போதும். சில இடங்களில் மனைக்கு மிக அருகில் இருப்பவர்களின் வாக்கைத் தனியாக எண்ணுவார்கள். ஊர் சரியென்றாலும் ஒட்டி வாழ்பவர் கஷ்டப்படுவார் அல்லவா? முடிவில் அமைப்பு ஒரு கடிதம் எழுதுகிறது: ஆதரிக்கிறோம், எதிர்க்கிறோம், அல்லது எதிர்ப்பில்லை. அடிக்கடி வருவது நான்காவது வகை. சம்மதம், ஆனால் மாடியை ஐந்தடி உள்ளே தள்ளிக் கட்டுங்கள், பத்து மணிக்குக் கடையை மூடுங்கள் என்கிற மாதிரி. விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்டால், வாரியம் தன் உத்தரவிலேயே அவற்றை நிபந்தனையாகச் சேர்த்துவிடலாம்.

கடைசி முடிவு மண்டல விதிகள் வாரியத்தின் கையில். சங்கத்தின் கடிதம் அதைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தவும் கூடாது என்பதுதான் சட்டத்தின் நிலை. விலக்கு பெற வேண்டுமானால், அந்த மனையின் தன்மையாலேயே தனக்குத் தேவையற்ற கஷ்டம் நேர்கிறது என்று உரிமையாளர் நிரூபிக்க வேண்டும். எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்பது அதற்குச் சான்றாகாது. ஆனாலும் கூட்டத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தவர் பலர் வரைபடத்தை மாற்றிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். சங்கமும் தொகுதி உறுப்பினரும் சேர்ந்து எதிர்த்தால் வாரியத்தின் முன் நிற்பது கடினம் என்று வழக்கறிஞர்கள் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். ஆர்.சி.ஓ.வின் பலம் வாரியத்தின் தீர்ப்பில் இல்லை. தீர்ப்புக்கு முந்தைய பேரத்தில் இருக்கிறது.

பெரிய கட்டடங்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. ஒரு லட்சம் சதுர அடியோ நூறு வீடுகளோ தாண்டினால் வடிவமைப்பு ஆய்வுக் குழுவின் முன் போக வேண்டும். வீடுகள் உள்ள பகுதியை ஒட்டியிருந்தால் அதைவிடச் சிறியவையும் இதற்குள் வரும். கட்டடக் கலைஞர்கள் அமரும் அந்தக் குழுவில் அப்பகுதியின் ஒருங்கிணைக்கும் அமைப்புக்கும் ஓர் இடம் உண்டு. இந்தக் குழுவின் கருத்தும் ஆலோசனை மட்டுமே.

இந்த ஏற்பாட்டின் எல்லை எதுவரை என்பதை 2022 ஜூலையில் தொடங்கிய ஒரு சண்டை காட்டியது. 'செவன்ட்டி சிக்சர்ஸ்' கூடைப்பந்து அணி, சைனாடவுனை ஒட்டி மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் 18,500 இருக்கைகளோடு, 130 கோடி டாலர் செலவில் அரங்கம் கட்டப்போவதாக அறிவித்தது. 1969-ல் பிறந்த அதே வளர்ச்சிக் கழகம், இன்று பதிவுபெற்ற சமூக அமைப்பாகவும் இருக்கும் அது, எதிர்ப்பில் முன்னால் நின்றது. ஆனால் இவ்வளவு பெரிய திட்டத்துக்கு விலக்கு தேவையில்லை. நகர மன்றம் சட்டத்தையே மாற்றித் தரும். 2024 டிசம்பரில் 12-க்கு 5 என்ற வாக்கில் மன்றம் அனுமதி கொடுத்தது. அடுத்த மாதமே அணி நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டு, நகரின் தெற்கில் காம்காஸ்ட் நிறுவனத்தோடு சேர்ந்து அரங்கம் கட்டுவதாக அறிவித்தது. சைனாடவுன் தப்பியது கூட்டத்தாலோ கடிதத்தாலோ அல்ல, ஒரு வணிக ஒப்பந்தத்தால்.

வேறு விதமான விமர்சனமும் உண்டு. கூட்டத்துக்கு வருபவர்கள் யார்? பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் லெவின் ஐன்ஸ்டைன், டேவிட் கிளிக், மேக்ஸ்வெல் பால்மர் ஆகிய மூவரும் மாசசூசெட்ஸ் மாநில ஊர்களின் திட்டக் கூட்டக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். பேசியவர்களில் வயதானவர்கள், ஆண்கள், சொந்த வீட்டுக்காரர்கள், பல ஆண்டுகள் அங்கேயே வாழ்பவர்கள் ஆகியோரின் பங்கு ஊரில் அவர்களுக்கு உள்ள பங்கைவிட அதிகம். பெரும்பாலோர் புதிய வீடுகளை எதிர்த்தார்கள். கொரோனா காலத்தில் கூட்டம் இணையத்துக்குப் போனபோதும் அந்த முகங்கள் அதிகம் மாறவில்லை. வாடகைக்கு இருப்பவரும், இரவு வேலைக்குப் போகிறவரும், அந்த வீடு கட்டினால் அங்கே குடிவரப்போகிறவரும் அறையில் இல்லை. சியாட்டில் நகர மேயர் எட் மர்ரி 2016-ல் மாவட்டக் குடியிருப்போர் மன்றங்களோடு நகரத்துக்கு இருந்த அதிகாரபூர்வ உறவைத் துண்டித்ததற்குச் சொன்ன காரணமும் இதுதான்.

பிலடெல்பியா துண்டிக்கவில்லை. அங்கே வேறொரு சிக்கல் முளைத்தது. விலக்கை எதிர்த்த சங்கங்கள் மீது கட்டுமான நிறுவனங்கள் வழக்குத் தொடுக்கத் தொடங்கின. சங்கத் தலைவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். வழக்கறிஞர் செலவு என்றதும் ஒதுங்கிவிடுகிறவர்கள். 2024 ஏப்ரல் தேர்தலில் நகரம் வாக்காளர்களிடம் ஒரு கேள்வி வைத்தது: மண்டல விலக்கு நடைமுறையில் சட்டப்படி பங்கேற்றதற்காக வழக்கைச் சந்திக்கும் பதிவுபெற்ற அமைப்புகளுக்கு, வழக்காடவும் இழப்பீடு தரவும் நகரமே பொறுப்பேற்க வழி செய்யலாமா? வாக்காளர்கள் சம்மதித்து நகரின் சாசனம் திருத்தப்பட்டது. பதிவு பெற்று, விதிப்படி கூட்டம் நடத்தி, கடிதம் எழுதிய அமைப்புக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. பதிவில்லாமல் தெருமுனையில் நின்று எதிர்ப்பவர் தன் வழக்கறிஞரைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.