பொடியன்கள் ராஜ்யத்துக்குள் ஓர் எட்டு

பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎல சந்தியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வெலிமடைக்கு, மற்றது தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்கு. எந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டாலும் ஒரு தோமையர் கல்லூரியில் போய் முட்டலாம் என்பதுதான் வேடிக்கை! வெலிமடைக்கு அப்பால் குருத்தலாவையில் ஒன்று, பண்டாரவளையில் இன்னொன்று. தாய்வீடு கல்கிசையில், கடற்கரையோரம். பிஷப் ஜேம்ஸ் சப்மன் 1851இல் முகத்துவாரத்தில் ஆரம்பித்து, 1918இல் கல்கிசைக்குக் குடிபெயர்ந்த புனித தோமையர் கல்லூரி. இன்றைக்கும் ஆண்பிள்ளைகள் மட்டும்தான்.

கடல்காற்று வாங்கிக்கொண்டிருந்த கல்லூரி எங்கள் பக்கம் எப்படி மலையேறியது? எல்லாம் இரண்டாம் உலகப்போர் செய்த வேலை. கல்கிசைக் கட்டடங்களை இராணுவம் எடுத்துக்கொண்டதும், பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று நிர்வாகம் தலையைப் பிய்த்துக்கொண்டது. அப்போது லெஸ்லி டி சேரம் என்பவர் குருத்தலாவையிலிருந்த தன் பண்ணையையே தூக்கிக் கொடுத்துவிட்டார். 1942இல் டொக்டர் ஆர்.எல். ஹேமன் என்ற ஆங்கிலேயர் தலைமையில் பள்ளிக்கூடம் தொடங்கியது. கற்பனை பண்ணிப் பாருங்கள்! கொழும்பு வெயிலில் வளர்ந்த பிள்ளைகள், ஒரு பக்கம் புத்தகம், மறுபக்கம் மாட்டுத் தொழுவம், சுற்றிலும் உருளைக்கிழங்கு விளைகிற மண். விடியற்காலையில் அந்தப் பக்கத்துக் குழாய்த் தண்ணீர் என்ன செய்யும் என்று வெலிமடைக் குளிரை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளித்தேன் என்று சொல்லித் தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வருகிற வித்தையை எந்த விடுதிப் பொடியனுக்கும் யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

இனி விடுதி இரகசியங்கள். அதிபர் போடும் சட்டம் பலகையில் ஒட்டியிருக்கும். அதை யாரும் வாசிப்பதில்லை. பொடியன்கள் போட்ட சட்டமோ எங்கேயும் எழுதப்பட்டிருக்காது, ஆனால் ஒருவனும் மீற மாட்டான். எந்தப் படிக்கட்டில் பெரிய வகுப்புக்காரன் மட்டும் உட்காரலாம், சாப்பாட்டு மேசையில் குழம்புச் சட்டி எந்தப் பக்கத்திலிருந்து புறப்படும், பிரிபெக்ட் அண்ணன் வருகிறபோது சட்டைக்கொலர் எப்படி இருக்கவேண்டும், இதெல்லாம் வந்த முதல் வாரத்திலேயே மனப்பாடமாகிவிடும். வீட்டிலிருந்து முறுக்கு டின் வந்துவிட்டால் அது தனிச் சட்டம். டின்னைத் திறக்கிற சத்தம் மூன்று அறை தள்ளிப் படுத்திருப்பவனையும் எழுப்பிவிடும். அனுப்பிய அம்மாவின் பிள்ளைக்கு அடியில் கிடக்கிற தூள் மிஞ்சினால் பெரிய விஷயம். பட்டப்பெயர் வைக்கிற சடங்கு வேறு. அது ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறப்புச் சான்றிதழுக்கே வேலையில்லை.

ஆனாலும் இந்த இராச்சியத்தின் பெரிய திருவிழா மார்ச் மாதத்தில்தான். பிக் மெட்ச்! றோயல் கல்லூரிக்கும் புனித தோமையர் கல்லூரிக்கும் 1879 முதல் நடக்கிற கிரிக்கெட் யுத்தம். முதல் ஆண்டு ஆசிரியர்களும் சேர்ந்து விளையாடினார்கள். அடுத்த ஆண்டிலிருந்துதான் தனிப் பொடியன்கள் ஆட்டம். அந்த நாளில் பேர வாவியில் படகு வலித்து மைதானத்துக்குப் போனார்கள் என்பார்கள். இப்போதெல்லாம் லொறி. திறந்த லொறியில் கொள்ளுமட்டும் பொடியன்கள், கொடி, பப்பரே வாத்தியம், தொண்டை கிழியப் பைலா. ஊர்வலம் போகிற வழியில் தொப்பியை நீட்டிக் காசு சேர்ப்பார்கள். தொப்பிக்குள் காசு போடாத பழைய மாணவனைப் பார்த்து அவர்கள் பாடுகிற பாட்டை இங்கே எழுத முடியாது. பெண்கள் கல்லூரிகள் அந்த வாரம் கேற்றை இழுத்துப் பூட்டிவிடும். பூட்டினால் என்ன, மதில் இருக்கிறதே! ஏறிக் குதித்து மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காவலாளி விசில் ஊதுவதற்குள் மறுபக்க மதிலில் தொங்கிக்கொண்டிருப்பான். (அந்தப் பிள்ளைகளுக்கும் ஆசிரியைகளுக்கும் இது எவ்வளவு தலைவலி என்பதைப் பையன்கள் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை.)

மைதானத்துக்குள் நுழைந்தால் இன்னும் கூத்து. பழைய மாணவர்களின் கூடாரங்களுக்கு எல்லாம் குதிரைப் பெயர்! இளசுகளுக்குக் 'கோல்ட்ஸ்', நடுவயதுக்காரர்களுக்கு 'ஸ்டாலியன்ஸ்', தலை நரைத்தவர்களுக்கு 'மஸ்டாங்ஸ்'. வயது ஏற ஏறக் கூடாரமும் மாறும். றோயல்காரனும் தோமையர்காரனும் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கடித்துக் குதறுவதில் ஒரு சுகம்.

குதறுவதற்கு நல்ல விஷயமும் இருக்கிறது. 1885ஆம் ஆண்டு ஆட்டத்தில் றோயல் மொத்தம் 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஆம், ஒன்பது. மறுநாள் ஆட்டம் தொடரவில்லை. ஜெயித்தது நாங்கள் என்கிறது தோமையர். முடியாத ஆட்டம் சமநிலைதான் என்கிறது றோயல். ஒன்றேகால் நூற்றாண்டு தாண்டியும் இரண்டு கல்லூரிகளின் வெற்றிக் கணக்கு ஒத்துப்போகவில்லை! இந்தப் பிக் மெட்சில் தோமையருக்காக ஆடிய டி.எஸ். சேனநாயக்க நாட்டின் முதல் பிரதமரானார். 1925இல் றோயலுக்காக ஆடிய ஜே.ஆர். ஜயவர்தன ஜனாதிபதியானார். 1957இல் தமிழர் உரிமை குறித்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் தமிழ்த் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும்கூட தோமையர் பிள்ளைகள்தான். அந்த ஒப்பந்தம் மறு வருஷமே கிழிந்தது. கல்லூரிப் பாசத்துக்கும் ஓர் எல்லை உண்டு போலும்.

யாழ்ப்பாணத்துக்காரர் சும்மா இருப்பார்களா? பரியோவான் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் 1904 முதல் 'வடக்கின் பெரும் போர்'. அங்கேயும் ஊர்வலம், மேளம், சவால், வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு ஓடிவருகிற பழைய மாணவர் கூட்டம்.

இதெல்லாம் நம் நாட்டுப் பைத்தியம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் வாபாஷ் என்றொரு கல்லூரி. 1832இல் தொடங்கியது, ஆயிரம் பேர்கூட இல்லாத கலைக் கல்லூரி, இன்றும் ஆண்கள் மட்டும். மாணவர் நடத்தைக்கு அங்கே சட்டப்புத்தகம் கிடையாது. எங்கே இருந்தாலும் கண்ணியமானவனாக, பொறுப்புள்ள குடிமகனாக நட என்று ஒரே ஒரு விதி. அந்தக் கண்ணியவான்கள் செய்கிற வேலையைக் கேளுங்கள்! முதலாம் ஆண்டுப் பையன்கள் தேவாலயப் படிகளில் நின்று நீளமான கல்லூரிப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடவேண்டும். பெரியவர்கள் மூக்குக்கு நேரே வந்து கத்திக் குழப்புவார்கள். பக்கத்து டிபோ பல்கலைக்கழகத்தோடு ஆண்டுதோறும் அமெரிக்கக் கால்பந்துச் சமர். 1932 முதல் அதற்குப் பரிசு, ரயில் எஞ்சினிலிருந்து கழற்றிய ஒரு மணி, நூற்று முப்பது கிலோவுக்கு மேல் எடை. நம் பதுளை ரயிலின் மணியைக் கழற்றிக் கிண்ணமாக வைத்ததுபோல! 1965இல் வாபாஷ் பொடியன் ஒருவன் மெக்சிகோவிலிருந்து மாணவர்களை அனுப்ப வந்த பிரதிநிதி என்று வேஷம் கட்டி டிபோவுக்குப் போனான். டிபோவின் தலைவரும் விருந்தாளிக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டி, மணி ஒளித்துவைத்த இடத்தையும் பெருமையோடு காட்டினார். அப்புறமென்ன, மணி வாபாஷுக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் ஊருக்கே திரும்புவோம். நம் பக்கத்துப் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன காலத்தில் இந்த ராஜ்யத்துக்குள் நுழைய நுழைவுச்சீட்டு வேறு வேண்டியிருந்தது. மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானுக்குக் கம்பளை புனித அந்திரேயர் கல்லூரி கிடைத்ததென்றால், அவர் தகப்பனார் தோட்டத்துக்கே சொந்தக்காரர். லயத்துப் பிள்ளைக்கு அந்த லொறியைப் பாதையோரத்தில் நின்று பார்க்கத்தான் வாய்த்தது. இன்றைக்குப் பதுளையில் எந்தப் பள்ளிக்கூட மெட்ச் என்றாலும் பப்பரே கேட்கிறது. ஊதுகிறவன் எந்தத் தோட்டத்துப் பொடியன் என்று யாரும் கேட்பதில்லை. சுருதி சேராவிட்டால்தான் கேட்கிறார்கள்.

பட்டப்பெயரை மறந்துவிட்டேனே! மஸ்டாங்ஸ் கூடாரத்தில் போய்ப் பாருங்கள். பட்டாடை மாதிரி கோட்டு, தங்க மூக்குக்கண்ணாடி, நாலு கம்பனிக்குத் தலைவர். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய் தவக்களை, இங்க வாடா மச்சான்!" நாலு கம்பனித் தலைவர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பிப் பார்க்கிறார்.