டென்ஷனே இல்லாதவருக்கும் 'டென்ஷன்' வரும்!

காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கிற வரை நம் வீடுகளில் 'டென்ஷன்' என்ற சொல் எத்தனை தடவை புழங்குகிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்களேன்! பால் வரவில்லை, டென்ஷன். பெண்ணுக்குப் பரீட்சை, டென்ஷன் (பெண்ணுக்கு அல்ல, அம்மாவுக்கு!). "என்னை டென்ஷன் பண்ணாதே" என்று மகன் அம்மாவிடம் சொல்கிறான்; அதையே அம்மா அப்பாவிடம் சொல்கிறாள். கவலை, பதற்றம், எரிச்சல், கோபம், பயம் என்று ஐந்தாறு தமிழ்ச் சொற்கள் பார்த்துவந்த வேலையை இந்த ஒற்றை இங்கிலீஷ் சொல் தன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டது. கீரைக்காரம்மாகூட, "இன்னிக்கு ஒரே டென்சனா இருக்கும்மா" என்றுதான் கூடையை இறக்குகிறார்.

இந்தச் சொல்லுக்கு மூலம் லத்தீன் மொழியில் இருக்கிறது. இழுத்து விறைப்பாக்குவது என்று பொருள். இழுத்துக் கட்டுகிற டென்ட்டும் அதே குடும்பம்தான். அப்படியானால் நம் ஊர் டென்ட் கொட்டகைக்கும் டென்ஷனுக்கும் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்!

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு வேறொரு டென்ஷனும் பழக்கமாயிருக்கும். மெஷினில் மேல் நூல் ஓடும் இடத்தில் ஒரு சின்னத் திருகு உண்டே, அதற்குப் பெயர் டென்ஷன். அது அதிகம் இறுகினால் துணி சுருக்குச் சுருக்காக வரும், அல்லது நூல் பட்டென்று அறும். தளர்ந்தால் துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கும். மின்சாரத்திலும் இதே சொல் உண்டு. தெருக் கம்பத்தின் உச்சியில் போகும் 11,000 வோல்ட் கம்பியை 'ஹை டென்ஷன்' என்பார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு வோல்டேஜ் என்று அர்த்தம். மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் அந்த டென்ஷனிடமிருந்து எட்டியே நில்லுங்கள்.

நான் சொல்ல வந்தது இவற்றைப் பற்றியெல்லாம் அல்ல. காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு நான் தெரிந்துகொண்ட இன்னொரு டென்ஷனைப் பற்றி.

எங்கள் ஊர் இருநூறு வருஷத்துக்கு மேல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற வீடு, பிள்ளைகள் பிரான்ஸில் இருக்கிற வீடு என்று இங்கே இன்றும் பார்க்கலாம். என் மாமியாரின் அக்காவும் அப்படித்தான். வருஷக்கணக்கில் பாரீஸில் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் எல்லோருக்கும் 'பாரீஸ் பெரியம்மா'.

அவர் ஊருக்கு வந்த புதிதில் ஒரு சாயங்காலம் திண்ணையில் நடந்த பேச்சு இது. "எனக்குத் தான்சியோன் இருக்கும்மா. அதான் ஊறுகாய் வேண்டாங்கறேன்" என்றார் பெரியம்மா. எதிர்வீட்டு அக்கா சிரித்தார். "உங்களுக்கென்ன பெரியம்மா டென்ஷன்? பிள்ளைங்கள்லாம் நல்லா இருக்காங்க, மாசம் பொறந்தா பென்ஷன் வருது. டென்ஷன்லாம் எங்களுக்குத்தான்!"

"பென்ஷன் வர்றதுக்கும் தான்சியோனுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று பெரியம்மா விழித்தார்.

இருவரும் சொன்னது எழுத்தில் ஒரே சொல். பிரெஞ்சில் அதைத் 'தான்சியோன்' என்று உச்சரிக்கிறார்கள். அங்கே சாதாரண ஜனங்கள் "எனக்குத் தான்சியோன்" என்றால் ரத்த அழுத்தம் அதிகம் என்று பொருள். மனசு சந்தோஷமாக இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அதில் கிடையாது.

டாக்டர்கள் எழுதுகிற 'ஹைப்பர் டென்ஷன்' என்பதிலும் இந்த அர்த்தம்தான் இருக்கிறது. ரத்தக் குழாயின் சுவரை ரத்தம் அழுத்துகிற வேகம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நம் காதில் அது 'ரொம்ப ரொம்ப டென்ஷன்' என்று விழுகிறது. போதாததற்கு, தமிழில் நாம் வெகுகாலமாகச் சொல்லிவரும் 'ரத்தக் கொதிப்பு' வேறு! கொதிப்பு என்றால் கோபம்தானே ஞாபகத்துக்கு வரும்? இந்த இரண்டு பெயரும் சேர்ந்து, சிடுசிடுப்பவர்களுக்கு வருகிற வியாதி இது, சாந்தமானவர்களுக்கு வராது என்று நம்ப வைத்துவிட்டன. 'ரத்த அழுத்தம்' என்பதே சரியான பெயர். அது வாயில் நுழையாவிட்டால் பி.பி. என்றே சொல்லிவிட்டுப் போங்கள்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் பி.பி. இருந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததும், "இனிமே எனக்கு என்ன டென்ஷன்? மாத்திரை எதுக்கு?" என்று தாமே நிறுத்திவிட்டார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, நன்றாகத்தான் இருந்தார். நாலைந்து மாதம் கழித்து ஒரு காலை வாசலில் கோலம் போட உட்கார்ந்தவருக்கு மாவு விரலில் நிற்கவில்லை. என்ன என்று கேட்டால் பேச்சு குழறுகிறது, வாய் ஒரு பக்கம் கோணிப்போயிருக்கிறது. பக்கவாதம். உடனே வண்டி வைத்துக் கொண்டுபோனதால் உயிருக்கு ஆபத்தில்லை. நடக்கிறார், பேசுகிறார். ஆனால் அந்த வலது கை பழைய கோலத்தைப் போடுவதில்லை.

(வாய் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் விழுதல், பேச்சுக் குழறல் – இதில் ஒன்றைப் பார்த்தாலும் எலுமிச்சை ரசம், சுக்குக் கஷாயம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அது யாருக்கு ஏற்றது என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.)

மனக்கவலைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. கோபம் வந்தால் அழுத்தம் கொஞ்ச நேரம் ஏறும், பிறகு இறங்கும். ஆனால் வயது, பரம்பரை, உடல் பருமன், உப்பு, நடையில்லாத வாழ்க்கை இவையெல்லாம் சேர்ந்து ஏற்றிவைக்கிற அழுத்தம் மகள் கல்யாணம் முடிந்ததும் இறங்கிவிடாது. பெரும்பாலும் அது வெளியே காட்டிக்கொள்வதும் இல்லை. "தலை சுத்தலையே, எனக்கு ஏது பி.பி.?" என்கிறவர்கள் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

உப்பு என்றதும் காரைக்கால்காரர்களான எங்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். கடற்கரை ஊர்; கருவாடு இல்லாத வாரம் உண்டா? ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டின ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையல், ஊறுகாய், அப்பளம், வடகம், கடை மிக்சர் எல்லாம் அந்த ஒரு ஸ்பூனுக்குள் அடங்க வேண்டும்! கருவாட்டை நன்றாக ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் உப்பு கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. பி.பி. உள்ளவர்களுக்கு அது எப்போதாவது ஒருநாள் விருந்தாக இருக்கட்டும்.

பெரியம்மாவுக்கும் இங்குள்ள நர்சுக்கும் நடந்த சண்டையையும் சொல்லிவிடுகிறேன். நர்ஸ் அளந்து பார்த்து, "நூத்தி நாப்பது பாட்டிம்மா" என்றதும், பெரியம்மா அலறிவிட்டார். "நூத்தி நாப்பதா? எனக்கு எப்பவும் பதினாலுதான்!" இரண்டும் ஒன்றுதான். பிரான்ஸில் பாதரசத்தைச் சென்டிமீட்டரில் சொல்லுகிற வழக்கம். நம் ஊரில் மில்லிமீட்டரில். அங்கே 12-க்கு 8 என்றால் இங்கே 120-க்கு 80. அங்கிருந்து வருகிற மருந்துச் சீட்டில் 16 என்று பார்த்துவிட்டு "குறைச்சலாத்தானே இருக்கு" என்று யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள், அது 160! பொதுவாக 140-க்கு 90 அல்லது அதற்கு மேல், வெவ்வேறு நாளில் அளந்தும் அப்படியே இருந்தால் ரத்த அழுத்தம் என்கிறார்கள்.

பிள்ளைத்தாய்ச்சிகள் இதில் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதுவரை பி.பி.யே இல்லாத பெண்ணுக்கும் ஐந்து மாதத்துக்கு மேல் ஏறலாம். "மாசமா இருக்கிற பொண்ணு, டென்ஷன் படாம இரு" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. ஒவ்வொரு செக்கப்பிலும் பி.பி.யும் சிறுநீரும் பார்த்தார்களா என்று கேளுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், மேல் வயிற்றில் வலி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விட்டால் வலிப்பு வரைக்கும் போகும். பிரசவமான பிறகும் ஆறு வாரம் வரை இந்த அபாயம் உண்டு. குழந்தையைக் கவனிக்கிற மும்முரத்தில் தாயின் தலைவலியைத் 'தூக்கமில்லாததால்' என்று தள்ளிவிடுகிறோம்.

அளக்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். அரை மணிக்கு முன்பிருந்தே காப்பி வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் அமைதியாக இருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும். கையில் பட்டை இறுகும்போது பேசக் கூடாது, பேசினால் அளவு ஏறிவிடும். எங்கள் பெரியம்மாவுக்கு இது ஒன்றுதான் முடிவதில்லை.