டொக்டர் ஏன் கணனியைப் பார்க்கிறார்?

நோயாளியின் விபரத்தைக் கடதாசியில் எழுதாமல் கணனியில் பதிவது நல்லதுதானே என்று நாம் நினைப்போம். ஆனால் குடும்ப வைத்தியர்கள் பலர் இதற்குத் தயங்குகிறார்கள். ஏன்?

அமெரிக்காவைப் பார்ப்போம். கணனிப் பதிவுக்கு மாறும் வைத்தியர்களுக்குப் பணம் கொடுக்க அங்கே 2009இல் சட்டம் வந்தது. பெரும்பாலானோர் மாறினார்கள். ஆனால் நோயாளியுடன் செலவிடும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும், கணனிக்கும் எழுத்து வேலைக்கும் ஏறக்குறைய 2 மணித்தியாலம் போகிறது என்று 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. முகம் பார்த்துப் பேச நேரமில்லை என்பதே வைத்தியர்களின் குறை.

நன்மையும் உண்டு. கையெழுத்து விளங்கவில்லை என்ற பேச்சே இல்லை. ஒத்துக்கொள்ளாத மருந்தை எழுதினால் கணனி எச்சரிக்கும். ஆனால் அதை முன்பே பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

கணனியோ கொப்பியோ, நாம் சொல்லாததை அது அறியாது. ஆகவே கிளினிக் கொப்பியை மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் வைத்துக் கொண்டுபோவோம். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பேரை அதில் எழுதி வைப்போம். டொக்டர் கணனியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கூச்சப்படாம வாய் திறந்து சொல்லுங்க!