கட்டியைக் கரைப்பது எது?

காலில் ரத்தக்கட்டி என்று சொல்லி ஊசியும் மாத்திரையும் கொடுத்தால், அந்த மருந்து போய்க் கட்டியைக் கரைத்துவிடும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது கட்டி மேலும் வளராமல் தடுக்கிறது, அவ்வளவுதான். இருக்கும் கட்டியை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லக் கரைப்பது நம் உடம்பேதான். இது தெரியாததால்தான் வீக்கம் வடிந்ததும் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள்.

ரத்தம் உறைவதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலில் தட்டணுக்கள் காயத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அடைக்கின்றன. பிறகு ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னி அதை இறுக்குகின்றன. வெட்டுக்காயத்தில் இது உயிர் காக்கும். இதயத்தின் ரத்தக்குழாய்க்குள் நடந்தால் மாரடைப்பு.

முதல் வேலையைத் தடுப்பது ஆஸ்பிரின். தினம் 75 மில்லிகிராம் போதும். அதற்குக் காரணம் உண்டு. தட்டணுக்களை ஒட்டத் தூண்டும் பொருளைச் செய்யும் ஒரு நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, எனவே புது நொதியைச் செய்துகொள்ள அதனால் முடியாது. வாழும் 7 முதல் 10 நாளும் ஒட்டும் திறன் குறைந்தே திரியும். இதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் பொருத்தியவர்களுக்குக் கூடவே கொடுக்கும் குளோபிடோக்ரெல், தட்டணுக்கள் ஒட்டும் இன்னொரு வழியை அடைக்கிறது. பல் பிடுங்கப் போகிறேன் என்று இதய மருத்துவரைக் கேட்காமல் இவற்றை நிறுத்துவது ஆபத்து, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வேலையைத் தடுக்கும் வார்ஃபரினின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920-களில் வட அமெரிக்காவில், பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனச்செடியைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-இல் ஒரு விவசாயி, செத்த பசுவையும் ஒரு கேன் உறையாத ரத்தத்தையும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்துக்கே கொண்டுவந்தார். அந்தச் செடியில் இருந்த பொருளைப் பிரித்தெடுக்கச் சில ஆண்டுகள் ஆயின. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது.

ரத்தம் உறையத் தேவையான நான்கு புரதங்களைச் செய்ய கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினை மறுபடி பயன்படவிடாமல் தடுக்கிறது. நம் ஊரில் அதிகம் எழுதிக்கொடுக்கும் அசிட்ரோமும் இதே வகைதான். ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் தீரும்வரை பலன் முழுதாகத் தெரியாது. வார்ஃபரினுக்கு ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் உடனே வேலை செய்யும் ஹெப்பாரின் ஊசி.

கீரையில் வைட்டமின் கே நிறைய. அதற்காக வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையே கூடாது என்று ஒதுக்க வேண்டாம். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாறுவதுதான் கெடுதல். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையில் அளவு பலருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். செயற்கை வால்வு வைத்தவர்களில் சிலருக்குச் சற்று மேலே. மருந்துக் கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரை வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்றில் ரத்தக்கசிவைக் கொண்டுவரலாம். ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புது மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை. ஆனால் உலோக வால்வு வைத்தவர்களுக்கு அவை உதவாது.

உண்மையிலேயே கரைக்கும் மருந்துகள் வேறு. நம் ரத்தத்திலேயே பிளாஸ்மினோஜென் என்ற புரதம் செயலற்றுக் கிடக்கிறது. அது பிளாஸ்மினாக மாறினால் ஃபைப்ரின் இழைகளை வெட்டும். அந்த மாற்றத்தை விரைவுபடுத்துவதே ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஆல்டெப்ளேஸ், டெனெக்டெப்ளேஸ் ஊசிகளின் வேலை. ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு பாக்டீரியாவிலிருந்து வருவதால் உடம்பு அதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளும். ஒருமுறை போட்டவருக்கு மறுபடி போடுவதைத் தவிர்ப்பார்கள்.

கட்டி பழசாக ஆக இழைகள் இறுகிவிடும், அதற்குள் இதயத் தசையும் மூளையும் செத்துக்கொண்டிருக்கும். அதனால் மாரடைப்புக்கு 12 மணி நேரம், பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளும் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பக்கவாதம் அடைப்பாலும் வரும், மூளையில் ரத்தம் கசிந்தும் வரும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். கசிவில் இந்த ஊசி போட்டால் உயிர் போகும் என்பதால்தான் முதலில் சி.டி. ஸ்கேன், ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போவது நேரத்தைத் தொலைப்பது.

தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் கணக்கு எழுந்த நேரத்திலிருந்து தொடங்காது. கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்தே தொடங்கும். ஆம்புலன்ஸில் கூடப் போகிறவர், முந்தின இரவு அவர் எத்தனை மணிவரை சாதாரணமாகப் பேசினார் என்பதையும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.